டப்பாவுக்குள் படியும் ஆடை: மரப்பூச்சுகளைப் பாதுகாப்பதும் அதில் உள்ள அறிவியலும்

பின்னப் பலகை, மணிச்சட்டம், ஆணிப்பலகை, எழுத்து அட்டைகளை நிறுத்தும் மரத்தாங்கி என்று கற்றல் கற்பித்தல் கருவிகளை வீட்டிலேயே மரத்தில் செய்துகொள்ளும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பலகையை அறுப்பதும் தேய்ப்பதும் ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடும். கடைசியில் அடிக்கும் வார்னிஷ் அல்லது பாலிஷில் பாதி மிஞ்சும். அந்தப் பாதி டப்பா மாடிப்படியின் கீழோ பரணிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை திறந்தால் மேலே தடித்த ஆடை படிந்திருக்கும், அல்லது மொத்தமும் கட்டியாகியிருக்கும். பணம் வீணாவது சிறிய நட்டம்தான். அதே டப்பா தீக்கும் நஞ்சுக்கும் காரணமாகலாம் என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

மரப்பூச்சை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு நீண்ட விதிப்பட்டியல் தேவையில்லை. ‘இது எப்படி உலர்கிறது?’ என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். எந்த டப்பாவில் வைப்பது, எவ்வளவு நாள் வைப்பது, எதற்கு அருகில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். இந்தக் கேள்வி நடுநிலை வகுப்புகளில் நாம் நடத்தும் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்ற பாடத்துக்குள்தான் இருக்கிறது. எனவே வீட்டுப் பட்டறைக்குச் சொல்வதை வகுப்பறைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு வகை உலர்தல்

ஆசாரிமார் துணிப்பொட்டலத்தால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ், அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. அவலரக்கு என்பது அரக்குப்பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் சுரந்து வைக்கும் பிசின். நம் நாட்டில் ஜார்க்கண்ட் பகுதியிலிருந்து பெருமளவில் வருகிறது. மரத்தில் பூசியதும் ஸ்பிரிட் ஆவியாகிப் போகிறது, அரக்கு மட்டும் தங்குகிறது. இங்கே புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை. என்.சி. லேக்கரும் இதே வகை. மாணவிகளுக்கு நன்றாகத் தெரிந்த நகப்பூச்சும் அப்படித்தான்.

ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் சார்ந்த வார்னிஷ், பள்ளிக் கதவுக்கும் மேசைக்கும் அடிக்கும் எனாமல் பெயிண்ட் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றில் கலந்துள்ள டர்பன்டைன் முதலில் ஆவியாகும். உண்மையான உலர்தல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல இறுகிவிடுகின்றன. இது வேதியியல் மாற்றம். அப்போது வெப்பமும் வெளிப்படுகிறது. இந்த வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. நன்கு உலர்ந்த அரக்குப் பூச்சின்மீது ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, சிறிது நேரம் கழித்து விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். பூச்சு மீண்டும் கரைகிறது. நன்கு இறுகிய எண்ணெய் வார்னிஷின்மீது டர்பன்டைன் விட்டால் ஒன்றும் ஆகாது, துடைத்துவிட்டுப் போகலாம். மீளும் மாற்றம், மீளா மாற்றம் என்பதற்குப் பாலையும் தயிரையும் காட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இது நல்லதொரு மாற்று எடுத்துக்காட்டு. சன்னல் திறந்த இடத்தில், ஆசிரியர் கையால், ஒரே ஒரு சொட்டு என்ற அளவில் மட்டும் செய்துகாட்டுங்கள்.

மாணவர்களே செய்யக்கூடிய செயல்பாடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கரைப்பானே வேண்டாம். மூன்று சிறிய கண்ணாடித் தகடுகளில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் தனித்தனியாக, சம அளவில், மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் செக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். தூசி படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்து, நாள்தோறும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். சில நாள்களுக்குப் பிறகு ஆளிவிதை எண்ணெய் ஒட்டத் தொடங்கும். பின்னர் இறுகும். அவசரப்பட வேண்டாம், இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் எண்ணெயாகவே இருக்கும். தலையில் தடவும் எண்ணெய் ஏன் வார்னிஷாக மாறவில்லை என்ற கேள்வி அப்போது தானாகவே வரும். ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி, தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. ஆக்சிஜன் பிடித்துக்கொள்வது இந்த இரட்டைப் பிணைப்புகளை ஒட்டிய இடத்தைத்தான்.

ஆய்வகத்தில் 0.01 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. உலரும்போது எடை குறையும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஈரத்துணி உலர்ந்தால் எடை குறைகிறது, அரக்கு பாலிஷ் உலர்ந்தாலும் குறைகிறது. ஆளிவிதை எண்ணெய்ப் படலமோ எடை கூடும். உள்ளே வந்து சேர்ந்த ஆக்சிஜனின் எடை அது. இரும்பு துருப்பிடிக்கும்போது எடை கூடுவதைப் பாடத்தில் படித்த பிள்ளைகள் இதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

பாதி டப்பாவில் எவ்வளவு ஆக்சிஜன்?

இப்போது டப்பாவுக்கு வருவோம். எண்ணெய் வார்னிஷுக்கு உலர ஆக்சிஜன் தேவை என்றால், மூடிய டப்பாவுக்குள்ளும் ஆக்சிஜன் இருக்கிறதே! ஆடை படிவது அதனால்தான். எவ்வளவு இருக்கிறது என்பது பத்தாம் வகுப்பு மோல் கணக்குக்கு ஏற்ற கேள்வி.

ஒரு லிட்டர் டப்பாவில் பாதி வார்னிஷ் மீதமிருக்கிறது என்று கொள்வோம். மேலே 500 மில்லி காற்று. அதில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன், அதாவது 105 மில்லி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மோல் வாயு சுமார் 25 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக 0.0042 மோல், அதாவது 0.13 கிராம் ஆக்சிஜன். டப்பாவில் 100 மில்லி வார்னிஷ் மட்டுமே மீதமிருந்தால் மேலே 900 மில்லி காற்று, 0.24 கிராம் ஆக்சிஜன். புது டப்பாவில் மேலே 50 மில்லி இடைவெளிதான் என்றால் 13 மில்லிகிராம்.

ஒரு மில்லி வார்னிஷுக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று வகுத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகும். ஏறத்தாழ நிறைந்த டப்பாவோடு ஒப்பிட்டால், அடியில் 100 மில்லி கிடக்கும் டப்பாவில் இது சுமார் 170 மடங்கு. திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய காற்று உள்ளே போகிறது என்பது தனி. “நல்லா இறுக்கி மூடித்தான் வெச்சேன், எப்படிக் கெட்டுச்சு?” என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மூடி என்ன செய்யும்? காற்றை உள்ளே வைத்தல்லவா மூடியிருக்கிறோம்!

எனவே செய்ய வேண்டியது காற்றின் இடத்தைக் குறைப்பது. மீதமுள்ளதைச் சிறிய கண்ணாடிப் புட்டிகளுக்கு மாற்றிக் கழுத்து வரை நிரப்பி மூடலாம். சிறிய புட்டி இல்லையென்றால் கழுவி உலர்த்திய கோலிக்குண்டுகளை உள்ளே போட்டு மட்டத்தை உயர்த்தலாம். கல் போட்டுத் தண்ணீரை மேலேற்றிய காக்கை கதைதான், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இது புரியும். டப்பாவிலேயே வைத்தாக வேண்டும் என்றால் தடித்த பாலித்தீன் தாளை வட்டமாக வெட்டி வார்னிஷின் மேற்பரப்பில் படுமாறு பரப்பிவிட்டு மூடுங்கள். காற்றுக்கும் வார்னிஷுக்கும் நடுவில் ஒரு தடுப்பு கிடைக்கும்.

ஏற்கெனவே ஆடை படிந்துவிட்டால் அதைக் கலக்கிவிடக் கூடாது. ஓரத்தைக் கத்தியால் அறுத்து முழுதாக எடுத்துவிட்டு, அடியில் உள்ளதைப் பழைய வேட்டித் துணியிலோ நைலான் வலையிலோ வடிகட்டிப் பயன்படுத்தலாம். மொத்தமும் கூழாகிவிட்டால் டர்பன்டைன் ஊற்றிக் காப்பாற்ற முயலாதீர்கள். இறுகிய வலை திரும்பக் கரையாது என்று மேலே பார்த்தோம். நகப்பூச்சு கெட்டியானால் அதற்குரிய திரவம் விட்டு இளக்கலாம், வார்னிஷை அப்படி இளக்க முடியாது. வேறுபாடு அந்த ஒன்றுதான்.

டப்பாவிலிருந்து எடுப்பது

பெரும்பாலோர் செய்வது, டப்பாவைத் திறந்து பிரஷை நேராக உள்ளே விடுவது. பிரஷோடு மரத்தூளும் முடியும் டப்பாவுக்குள் போகும். வேலை முடியும் வரை டப்பா திறந்தே கிடக்கும். அதைவிட, தேவையான அளவை மட்டும் ஒரு பீங்கான் கிண்ணத்திலோ தகரக் குவளையிலோ எடுத்துக்கொண்டு டப்பாவை உடனே மூடிவிடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமும் கெடும்.

எவ்வளவு தேவை என்பதை முன்பே கணக்கிடலாம். வழவழப்பாகத் தேய்த்த பலகையில் ஒரு லிட்டர் வார்னிஷ் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். ஏ4 தாள் அளவுள்ள பலகையின் இரு பக்கமும் சேர்ந்து 0.125 சதுர மீட்டர். ஆக ஒரு பூச்சுக்கு 12 அல்லது 13 மில்லி, அதாவது 5 மில்லி தேக்கரண்டியால் இரண்டரை. இருபது பலகைக்கு இரண்டு பூச்சு என்றாலும் அரை லிட்டர்தான். விலை மலிவாகத் தெரிகிறது என்று நான்கு லிட்டர் டப்பா வாங்குவதை விட்டுவிட்டாலே சேமிப்புப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். பரப்பளவு பாடத்தில் பாடநூல் கணக்கைவிட இது பிள்ளைகளை அதிகம் ஈர்க்கிறது என்பது என் அனுபவம்.

அமுக்கு மூடி உள்ள டப்பாவைத் திருப்புளியால் ஒரே இடத்தில் நெம்பினால் மூடி வளைந்துவிடும், பிறகு ஒருபோதும் சரியாக மூடாது. சுற்றிலும் நாலைந்து இடத்தில் சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும். விளிம்புப் பள்ளத்தில் வார்னிஷ் தேங்கி உலர்ந்தாலும் மூடி அமராது. பள்ளத்தில் ஆணியால் நாலைந்து துளை போட்டுவிட்டால் வழிந்தது உள்ளேயே இறங்கிவிடும், மூடி அமரும்போது அந்தத் துளைகளும் அடைபடும். மூடும் முன் விளிம்பைத் துணியால் துடைத்து, மேலே ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். சுத்தியல் நேரடியாக மூடியில் படக் கூடாது.

அரக்கு பாலிஷின் தனிக்குணம்

அரக்கு பாலிஷ் ஆக்சிஜனால் ஆடை கட்டாது. அதற்கு வேறு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, ஸ்பிரிட் ஆவியாவது. இறுக்கமான திருகுமூடி அதற்குப் போதும். மற்றொன்று காலம். அரக்கில் அமிலத் தொகுதிகளும் ஆல்கஹால் தொகுதிகளும் உள்ளன. கரைசலில் கிடக்கக் கிடக்க அவை தமக்குள்ளும் ஸ்பிரிட்டோடும் மெல்ல வினைபுரிந்து எஸ்டராகின்றன. பார்வைக்குக் கரைசல் நன்றாகவே இருக்கும். பூசினால் உலராமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். கரைத்த பாலிஷை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஐயமிருந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிப் பாருங்கள். சில மணி நேரத்துக்குப் பிறகும் ஒட்டினால் அது வேலைக்கு உதவாது. அவலரக்கைச் செதில்களாகவே குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது 250 மில்லி ஸ்பிரிட்டுக்கு 50 கிராம் என்ற கணக்கில் கரைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மேல். முந்தின நாள் இரவே ஊறப்போட்டால் காலையில் கரைந்திருக்கும். கரைத்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். இரும்புத் தகர டப்பாவில் ஊற்றாதீர்கள். அமிலத்தன்மை இருப்பதால் இரும்போடு சேர்ந்து நிறம் கறுக்கும். கண்ணாடிப் புட்டி சிறந்தது.

சிறு பிள்ளைகள் வாயில் வைக்கும் எழுத்துக் கட்டைகளுக்கு நான் விரும்புவது அரக்குப் பூச்சைத்தான். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாக வருவதும் அரக்கே. ஆனால் கடையில் தயாராக விற்கும் பாலிஷில் வேறு நிறமும் பிசினும் கலந்திருக்கலாம், செதில் வாங்கிக் கரைத்தால் அந்த ஐயம் இல்லை. ஸ்பிரிட் முழுதும் ஆவியாகி மணமே வராத நிலைக்கு வந்த பிறகுதான் கட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டு டப்பாக்களாக வரும் பி.யூ., மெலமைன் போன்றவற்றை வீட்டுப் பட்டறையில் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. பி.யூ.வோடு வரும் கெட்டிப்படுத்தி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். மழைக்காலத்தில் ஒழுங்காக மூடாமல் வைத்த டப்பா உப்பிவிடும். அதன் ஆவி மூச்சுக்குழாய்க்கும் நல்லதல்ல. இரண்டையும் கலந்த பிறகு மிஞ்சியதை ஒருபோதும் மூடி வைக்கக் கூடாது.

துடைத்த துணி

எண்ணெய் உலரும்போது வெப்பம் வரும் என்று சொன்னேன் அல்லவா? பலகையில் மெல்லிய படலமாக இருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும், நமக்குத் தெரியாது. அதே எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் நிலைமை வேறு. துணி இழைகளின் பரப்பு மிகப் பெரிது, எனவே வினை வேகமாக நடக்கும். சுருட்டிய மடிப்புகளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் கூடக் கூட வினையின் வேகமும் கூடும். சில மணி நேரத்தில், தீக்குச்சியோ மின்பொறியோ இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிகள் கொண்ட ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்தது. 22ஆவது மாடியில் மரவேலைப்பாடுகளைத் துடைத்துப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளிலிருந்துதான் தீ தொடங்கியது. ஏறத்தாழ 19 மணி நேரம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். 30ஆவது மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இயங்கிய பிறகே தீ மேலே ஏறுவது நின்றது.

நம் வீட்டில் செய்ய வேண்டியது எளிது. எண்ணெய், வார்னிஷ் துடைத்த துணியை விரித்து, ஒற்றை மடிப்பாக, வெளியே கொடியில் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். அதற்கு நேரமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வைக்கலாம். சாக்குப்பையில் மரத்தூளோடு சேர்த்துத் திணிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பள்ளியில் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடிந்ததும், வேலையாட்கள் துணிகளை எங்கே போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

எங்கே வைப்பது

நம் வீடுகளில் இந்த டப்பாக்களின் இயல்பான இருப்பிடம் மாடிப்படியின் கீழ்ப்பகுதி. அங்கேதான் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கும், பல வீடுகளில் மின்மீட்டர் பெட்டியும் அங்கேதான். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இன்வெர்ட்டரின் உள்ளே சுவிட்சு மாறும், அங்கே பொறி உண்டாகலாம். அதன் பக்கத்திலேயே தின்னர். தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்க வேண்டிய வழியும் அதுதான்.

ஒரு திரவத்தின் மேற்பரப்பில் உள்ள ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையை மின்னல்நிலை அல்லது தீப்பற்று நிலை என்பார்கள். எத்தனாலுக்கு இது சுமார் 13 டிகிரி செல்சியஸ். டர்பன்டைனுக்குச் சுமார் 35 டிகிரி. குளிர்நாடுகளில் டர்பன்டைன் அறை வெப்பநிலையில் அந்த நிலையை எட்டுவதில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், நாள்தோறும் எட்டிவிடுகிறது. வெளிநாட்டுக் கையேட்டில் ஓரளவு பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை வேலூரிலும் மதுரையிலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. டர்பன்டைனின் முதன்மைப் பொருளின் மூலக்கூறு நிறை 136, காற்றின் சராசரி 29. வகுத்தால் நாலரை மடங்குக்கும் மேல். எனவே ஆவி மேலே போய்க் கலைவதற்கு முன் தரையோடு தவழ்ந்து பரவும், பூசையறை விளக்கையும் அடுப்பையும் தேடிப் போகும். சன்னல் மட்டும் திறந்திருந்தால் போதாது, தரைமட்டத்திலும் காற்று போக வழி வேண்டும்.

ஆக, வெயில் படாத, வீட்டுக்கு வெளிப்புறமான இடத்தில், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி ஏற்றது. பக்கத்தில் ஒரு வாளி மணல். எரியும் தின்னரில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து தீயைப் பரப்பும். பள்ளியில் என்றால், மிஞ்சிய பெயிண்டையும் டர்பன்டைனையும் சத்துணவுக் கூடத்துப் பொருள் அறையில் மட்டும் வைக்கவே கூடாது. அங்கே சாவி எப்போதும் இருக்கிறது என்ற வசதிக்காக அப்படி வைப்பதுண்டு. அடுப்பும் அரிசியும் இருக்கும் இடம் அது.

குளிர்பானப் புட்டி

காற்றைக் குறைக்கச் சிறிய புட்டிக்கு மாற்றுங்கள் என்று மேலே சொன்னேன். அதில் ஒரு கடுமையான நிபந்தனை இருக்கிறது. அந்தப் புட்டி உண்ணும், குடிக்கும் பொருள் வந்த புட்டியாக இருக்கவே கூடாது. டர்பன்டைன் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், ஸ்பிரிட்டும் அப்படியே. அரக்கு பாலிஷ் குளிர்பானத்தின் நிறத்திலும் ஆளிவிதை எண்ணெய் தேன் நிறத்திலும் இருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் நான்கு வயதுக் குழந்தைக்குப் பாட்டிலின் வடிவம்தான் தெரியும். பாட்டிலில் நாம் எழுதி ஒட்டிய பெயர் படிக்கத் தெரியாது. கொரோனா காலத்து சானிடைசர் புட்டிகளும் வேண்டாம், பிள்ளைகள் கையில் தடவிக்கொள்வார்கள்.

டர்பன்டைன், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குழந்தை விழுங்கிவிட்டால் வயிற்றைவிட நுரையீரலுக்கே பெரிய ஆபத்து. இவை மிக மெல்லிய திரவங்கள். இருமும்போதோ வாந்தி எடுக்கும்போதோ சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் நுரையீரல் முழுதும் பரவிக் கடும் அழற்சியை உண்டாக்கும். ஆகவே வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசலோ சோப்புத் தண்ணீரோ கொடுக்கக் கூடாது, தொண்டையில் விரலும் விடக் கூடாது. இதை நம் பெற்றோர் கூட்டங்களில் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் முதலில் கை போவது உப்புத் தண்ணீருக்குத்தான். உடனே 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழந்தை சாதாரணமாக இருப்பதுபோல் தோன்றினாலும் போக வேண்டும், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். குடித்த புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம். அது பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது. எந்தத் திரவம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்குரிய சிகிச்சையைத் தொடங்க முடியும்.

தின்னரைப் பொறுத்தவரை மாற்றுப் புட்டியே வேண்டாம். அது பல பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், வந்த தகரக் கேனிலேயே இருக்கட்டும். மற்றவற்றுக்கு ஆய்வகத்தில் வேதிப்பொருள் காலியான பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டிகளை நன்கு கழுவி உலர்த்திப் பயன்படுத்தலாம். பழைய பெயர்ச்சீட்டை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, பொருளின் பெயர், ஊற்றிய தேதி, சிவப்பில் ஓர் அபாயக் குறி என மூன்றையும் ஒட்டுங்கள். எழுத்தின்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டாவிட்டால் வழியும் ஒரு சொட்டு ஸ்பிரிட்டே மையை அழித்துவிடும்.

கடைசியாக, வேண்டாத மிச்சம். சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. கொஞ்சமாக இருந்தால், பிள்ளைகள் வராத திறந்த வெளியில், அகலமான தகரத் தட்டில் மணலைப் பரப்பி அதில் ஊற்றி இறுக விடுங்கள். மணலுக்குப் பதில் மரத்தூளைப் பயன்படுத்தினால் துணிக் குவியலின் கதைதான் அங்கும் நடக்கும். இறுகியதை உள்ளாட்சியின் குப்பை வண்டி வரும்போது தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நிறைய மிஞ்சினால், பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கேட்டுப் பாருங்கள். கெடாத வார்னிஷை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.